யூதக் குழந்தைகளின் கோடை முகாம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் பள்ளிச் செவிலியராக வேலை பார்க்கும் நான், கடந்த ஏழு கோடைகளைப் பென்சில்வேனியாவின் வடகிழக்கு மலைப்பகுதியிலுள்ள ஒரு யூதக் குழந்தைகள் முகாமின் மருத்துவ அறையில் கழித்திருக்கிறேன். நான் யூத சமயத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் நான் பெட்டி கட்டத் தொடங்கியதும் இங்குள்ள தமிழ் நண்பர்களும், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்களும், தங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழி இப்படியொரு முகாமுக்குப் போவதாகக் கேள்விப்பட்ட பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, நான் கண்டும் படித்தும் அறிந்தவற்றை விடையாக எழுதியிருக்கிறேன். பகலில் போய் மாலையில் வீடு திரும்பும் முகாம்களும் உண்டு. இங்கே நான் பேசுவது வாரக்கணக்கில் இரவும் தங்கும் முகாம்களைப் பற்றி.

யூத முகாம் என்றாலே ஹிட்லரின் வதைமுகாம்தான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகள் போகும் இடத்துக்கு ஏன் இப்படியொரு பெயர்?

தமிழில் அகதி முகாம், வதைமுகாம், கண் சிகிச்சை முகாம், என்.எஸ்.எஸ். முகாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் நிற்பதால் இந்தத் தயக்கம் இயல்பானது. ஆங்கிலத்திலும் நிலைமை அதுவே. ஆனால் அமெரிக்கக் குழந்தைகள் கோடையில் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் போய்த் தங்கும் வழக்கம் நாஜிகளுக்கு வெகு முந்தையது. நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஊருக்கு அருகிலுள்ள சர்ப்ரைஸ் லேக் என்ற யூத முகாம் 1902இலேயே தொடங்கிவிட்டது.

அந்தச் சொல்லின் நிழல் அங்கிருப்பவர்களுக்கும் தெரியாததன்று. ஐரோப்பாவில் உறவினர்களை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். அந்த நினைவு முகாமில் எப்போது பேசப்படுகிறது என்பதை விரத நாள் பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

இந்த வழக்கத்தை யார், எதற்காகத் தொடங்கினார்கள்?

1881க்கும் 1924க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் வந்து குடியேறினார்கள். அவர்களில் பலர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே வளரும் ஏழைச் சிறுவர்களுக்கு ஆண்டில் சில நாட்களாவது நல்ல காற்றும் வயிறு நிறையச் சாப்பாடும் கிடைக்க வேண்டும் என்ற அறச் சிந்தனையிலிருந்தே முதல் முகாம்கள் பிறந்தன. அப்போது அவற்றில் சமயக் கல்வி பெரிதாக இல்லை.

ஆல்பர்ட் ஸ்கூல்மன் என்ற கல்வியாளர் 1919இல் தொடங்கிய செஜ்வின் முகாம், கல்வியையும் முகாமையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தது. 1941இல் எபிரேய மொழியிலேயே எல்லாம் நடக்கும் மஸ்ஸாத் முகாம் தொடங்கியது. யூத சமயத்தில் பழைய சட்டங்களை முழுமையாகக் காக்கும் ஆர்த்தடாக்ஸ், காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சீர்திருத்தப் பிரிவு, இரண்டுக்கும் இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் என்று பிரிவுகள் உண்டு. 1947இல் கன்சர்வேட்டிவ் பிரிவினர் விஸ்கான்சின் மாநிலத்தில் ராமா முகாமையும், 1952இல் சீர்திருத்தப் பிரிவினர் அதே மாநிலத்தின் ஓகோனமவோக்கில் தங்கள் முதல் முகாமையும் திறந்தார்கள். இந்தக் காலவரிசையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவின் யூதக் கல்விக்கூடங்கள் அழிந்துபோன பிறகு, தங்கள் மரபைக் காக்கும் பொறுப்பு தங்கள் தலைமேல் விழுந்திருப்பதை அமெரிக்க யூதர்கள் உணர்ந்தார்கள். பள்ளி முடிந்த பின் வாரத்தில் சில மணி நேரம் நடக்கும் சமய வகுப்பு அதற்குப் போதாது என்பதையும் கண்டார்கள். வெளியுலகில் எப்போதும் சிறுபான்மையாக இருக்கும் ஒரு குழந்தை, சில வாரங்களுக்கு நாட்காட்டியும் சமையலறையும் பாட்டும் தன்னுடையதாகவே இருக்கும் ஓர் ஊரில் வாழ்ந்து பார்க்கட்டும் என்று எண்ணினார்கள். ஏழு ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்த எனக்கு, முகாமின் மற்ற எல்லா ஏற்பாடுகளும் இந்த ஓர் எண்ணத்திலிருந்தே கிளைப்பதாகத் தோன்றுகிறது.

நாள் முழுவதும் அங்கே வேதப்பாடம்தான் நடக்குமா?

இல்லை. காலையில் எழுந்ததும் கொடிமரத்தருகே கூடுவார்கள்; பிறகு வழிபாடு, காலை உணவு, குடிலைப் பெருக்கிப் படுக்கையை ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரு குடிலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும், ‘மத்ரீக்’ அல்லது ‘மத்ரீகா’ என்று அழைக்கப்படும் இளம் வழிகாட்டிகள் இரண்டு மூன்று பேரும் தங்குவார்கள். ஏரியில் நீச்சல், படகு, வில்வித்தை, மண்பாண்டம், கூடைப்பந்து, நாடகம் என்று பகல் கழியும். எங்கள் முகாமில் பாடம் என்று தனியாகச் சொல்லத்தக்கது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இராது. அதுவும் பெரும்பாலும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பேசுவதாக இருக்கும். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு. இரவில் குழு நிகழ்ச்சி.

முகாமின் இறுதிக் கட்டத்தில் பிள்ளைகளை நிற வாரியாக அணிகளாகப் பிரித்து, சில நாட்கள் தொடர்ந்து போட்டிகள் நடத்துவார்கள். ‘மக்கபியா’ என்று பெயர். அது எந்த நாளில் தொடங்கும் என்பது பரம ரகசியம். தொண்டை கட்டிய பிள்ளைகள் வரிசையாக என்னிடம் வருவது அந்த நாட்களில்தான்.

எத்தனை வயதிலிருந்து, எத்தனை நாட்கள், எவ்வளவு செலவாகும்?

பொதுவாக ஏழு, எட்டு வயது முதல் பதினைந்து, பதினாறு வயது வரை. ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதியில் முடியும். சிறியவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்றும், மற்றவர்களுக்கு நான்கு வாரம், ஏழெட்டு வாரம் என்றும் தவணைகள் இருக்கும்.

செலவு அதிகம்தான். பல முகாம்களில் வாரத்துக்கு 1,000 டாலருக்கு மேல் ஆகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பத்தால் எளிதில் தாங்க முடியாத தொகை இது என்பதை முகாம் நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 1998இல் தொடங்கப்பட்ட ஃபவுண்டேஷன் ஃபார் ஜூயிஷ் கேம்ப் என்ற அமைப்பு, உள்ளூர் யூதக் கூட்டமைப்புகளுடன் சேர்ந்து, முதன்முறையாகச் செல்லும் பிள்ளைகளுக்குப் பல பகுதிகளில் 1,000 டாலர் வரை உதவி வழங்கி வந்திருக்கிறது. இதைத் தவிர, குடும்ப வருமானத்தைப் பார்த்து முகாம்கள் தரும் கட்டணச் சலுகையும் உண்டு. கேட்கத் தயங்குபவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எல்லா யூத முகாம்களும் ஒரே மாதிரிதானா?

வட அமெரிக்காவில் இரவு தங்கும் யூத முகாம்கள் 150க்கும் மேல் இருக்கின்றன. அவற்றுக்குள் வேறுபாடு மிகப் பெரியது. ஆர்த்தடாக்ஸ் முகாம்களில் நாளுக்கு மூன்று வேளை வழிபாடும் நீண்ட வேதப் படிப்பும் உண்டு. பல இடங்களில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் முகாமே தனித்தனி. ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த ஹபாத் இயக்கத்தின் கான் இஸ்ரேல் முகாம்கள் 1956இலிருந்து நடக்கின்றன. ராமா முகாம்கள் மரபையும் நவீன வாழ்க்கையையும் ஒருசேரப் பிடிக்க முயல்பவை. சீர்திருத்தப் பிரிவின் முகாம்களில் கிதாரும் ஆங்கிலப் பாட்டும் வழிபாட்டோடு கலந்திருக்கும். ஹபோனிம் த்ரோர், யங் ஜூடேயா போன்ற, யூதர்களுக்கு இஸ்ரேலில் தாயகம் வேண்டும் என்ற சியோனிசக் கொள்கையுடைய இளைஞர் இயக்கங்களின் முகாம்கள் வேறு வகை. தொழிலாளர் இயக்கத்தில் வேர்கொண்டு, சமயத்தைவிட, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியையும் சமூக நீதியையும் முன்னிறுத்திய கிண்டர் ரிங், கிண்டர்லேண்ட் போன்ற முகாம்கள் 1920களிலிருந்தே இருந்து வருகின்றன.

ஆகவே "யூத முகாமில் இப்படித்தான்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த முகாம் என்று முதலில் கேளுங்கள். நான் எழுதுவதும் பெரும்பாலும், மிகக் கடுமையும் மிகத் தளர்வும் இல்லாத ஒரு முகாமின் அனுபவம்தான்.

கோஷர் என்றால் சைவமா? அங்கே சைவப் பிள்ளை என்ன சாப்பிடும்?

கோஷர் என்பது சைவம் அன்று. யூதச் சட்டம் அனுமதிக்கும் உணவு என்று பொருள். ஆடு, மாடு போல் பிளந்த குளம்பும் அசைபோடும் இயல்பும் உடைய விலங்குகள், கோழி, துடுப்பும் செதிலும் உள்ள மீன் ஆகியவை கூடும். பன்றியும் இறாலும் நண்டும் கூடா. விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டு, இரத்தம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றைவிட முகாமின் அன்றாடத்தை அதிகம் ஆளும் விதி இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதே. எங்கள் சமையற்கூடத்தில் இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரம், தட்டு, கரண்டி, கழுவும் தொட்டி வரை எல்லாமே தனித்தனி. அசைவப் பாத்திரத்தைத் தனியே வைக்கும் வீட்டில் வளர்ந்த நம்மவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். மதியம் இறைச்சி என்றால் அன்றைய இனிப்பில் பால் இராது. அதன்பின் பால் பொருள் உண்ண, குடும்ப வழக்கப்படி ஒரு மணி நேரம் முதல் ஆறு மணி நேரம் வரை காத்திருப்பார்கள்.

இதனால் சைவப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பால் வேளையில் எந்த உணவிலும் இறைச்சியின் சாயல்கூட இராது. மீனும் முட்டையும் உண்டா என்று மட்டும் கேட்டால் போதும். இறைச்சி வேளையில் தனி ஏற்பாடு செய்கிறார்கள். கீரை இலைகளில் பூச்சி இருக்கக் கூடாது என்பதும் கோஷர் விதியே என்பதால், மேற்பார்வையாளரான ‘மஷ்கீஹ்’ ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். காரம் கிடைக்காது. ஊறுகாய்ப் பாட்டில் கொடுத்தனுப்பவும் முடியாது, ஏனெனில் வெளி உணவை இந்த விதியும் ஒவ்வாமை பற்றிய அச்சமும் சேர்ந்து தடுக்கின்றன.

சனிக்கிழமை எதுவும் செய்யக் கூடாதாமே? பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்காதா?

வெளியிலிருந்து பார்த்தால் தடைகளின் பட்டியலாகத் தெரிவது, உள்ளே இருக்கும்போது வேறாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே முகாமின் ஓசை மாறத் தொடங்கும். குடில்கள் துடைக்கப்படும், குளியலறை வரிசை நீளும், ஒரு வாரம் சேற்றில் புரண்ட பிள்ளைகள் வெள்ளை உடையில், ஈரத் தலையுடன், கைகோத்து ஏரிக்கரைக்கு இறங்கி வருவார்கள். சூரியன் மறையும் நேரத்தில் பாடிக்கொண்டே சப்பாத் என்ற ஓய்வுநாளை வரவேற்பார்கள். மெழுகுவத்தி, திராட்சைச்சாறு, பின்னிச் சுட்ட ஹல்லா ரொட்டி, அதன்பின் நல்ல சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் மேசையைத் தட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பாட்டு நடக்கும். முதல் ஆண்டு அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை இரவுக்காகவே அந்த அறையில் ஓர் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்கிறேன்.

நோயுற்றவர்களுக்கான ‘மி ஷெபெராஹ்’ என்ற வேண்டுதலுக்கு டெபி ஃப்ரீட்மன் அமைத்த மெட்டு, முகாம்களில் பரவலாகப் பாடப்படுகிறது. 2011இல் மறைந்த அந்தப் பாடகி சீர்திருத்தப் பிரிவின் முகாம்களில் பாடிப் பாடி வளர்ந்தவர். பாட்டுக்கு நடுவே சற்று நிறுத்தி, யாருடைய நலனுக்காக வேண்டுகிறார்களோ அவர்களின் பெயரைப் பிள்ளைகள் சொல்வார்கள். தாத்தா, பாட்டி, எப்போதாவது ஒரு தம்பி. மருத்துவ அறையில் எனக்குத் தெரியவராத கவலைகள் பலவற்றை அந்தப் பெயர்களின் வழியாகவே அறிந்திருக்கிறேன்.

மறுநாள் மணியடித்து எழுப்புவதில்லை. கால அட்டவணை தளர்ந்திருக்கும். வழிபாட்டுக்குப் பின் நடப்பார்கள், படிப்பார்கள், புல்லில் படுத்துப் பேசுவார்கள். மின்விசையைத் தொடக் கூடாதா, கிதார் வாசிக்கலாமா என்பது முகாமின் பிரிவைப் பொறுத்தது. இருட்டி மூன்று விண்மீன்கள் தெரிந்ததும் ஹவ்தாலா: பல திரிகளைப் பின்னிச் செய்த மெழுகுவத்தி, நறுமணப் பொருட்கள், கிண்ணத்தில் திராட்சை இரசம். தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்று ஓய்வுநாளை வழியனுப்பும் அந்தப் பத்து நிமிடங்களில் குறும்புக்காரப் பையன்களும் அசையாமல் நிற்பார்கள்.

சப்பாத் அன்று குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மருந்துகூடத் தர மாட்டார்களா?

தருவார்கள். உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லா விதிகளுக்கும் மேலானது என்பது யூதச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்று அதைச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தோ, ஆபத்து என்ற சந்தேகமோ இருந்தாலே மிகக் கடுமையான ஆர்த்தடாக்ஸ் முகாமிலும் தொலைபேசியை எடுப்பார்கள், வண்டியை ஓட்டுவார்கள், மருத்துவமனைக்குப் போவார்கள். இன்சுலின், வலிப்பு மருந்து, ஆஸ்துமா மருந்து எதுவும் ஒரு வேளைகூடத் தவறாது. சிறு உபாதைகளுக்கான மருந்து, மருந்துப் பதிவேட்டில் எழுதுவது போன்றவற்றை எப்படிச் செய்வது என்று கடுமையாகச் சப்பாத் காக்கும் முகாம்கள் யூத சமயகுருவான ரபியிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளும். சப்பாத்தில் பொதுவெளியில் பொருளைச் சுமக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அதற்காக நிலத்தைச் சுற்றிக் கம்பியோ வேலியோ கொண்டு ‘எருவ்’ என்ற எல்லை அமைத்துக்கொண்டால், அதற்குள் சுமந்து செல்லலாம்.

முதல் வாரமே வீட்டை நினைத்து அழுதால் என்ன செய்வார்கள்?

கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் சிறிதளவாவது ஏக்கம் வரும். விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு அந்த முதல் வாரத்து இரவுகள் நினைவிருக்கும். பகலில் ஓடியாடும் பிள்ளைக்கு, ஓய்வு நேரத்திலும் படுக்கும் நேரத்திலும் வயிற்றுவலி வரும். வலி உண்மையானது, காரணம்தான் வயிற்றில் இல்லை. வெந்நீர், பத்து நிமிடப் பேச்சு, மறுநாள் காலையில் செய்ய வேண்டிய ஏதாவது ஒரு சிறு வேலை ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். நான்கைந்து நாட்களில் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடுகிறது.

பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு: "பிடிக்காவிட்டால் சொல், அப்பா உடனே வந்து அழைத்துப் போகிறேன்" என்று கிளம்பும்போது வாக்குக் கொடுக்காதீர்கள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஆறு இரவுகள் தொடர்ந்து என்னிடம் வந்தாள். தந்தை அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு முகாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வாக்கு கையில் இருந்ததால் ஒவ்வோர் இரவும் "இன்று போகலாமா, நாளை போகலாமா" என்று தனக்குள் வழக்காடிக்கொண்டே இருந்தாள். தந்தையே தொலைபேசியில் வாக்கைத் திரும்பப் பெற்ற அன்று இரவு அவள் உறங்கினாள். உண்மையாகவே தாங்க முடியாத பிள்ளைகளும் சிலர் உண்டு. உண்ணாமல், உறங்காமல் போனால் வீட்டுக்கு அனுப்புவதே சரி. அதில் யாருக்கும் தோல்வி இல்லை.

தினமும் மகளோடு பேச முடியுமா?

முடியாது. பெரும்பாலான முகாம்களில் கைபேசிக்கு அனுமதி இல்லை. பிள்ளைகள் காகிதத்தில் கடிதம் எழுதுவார்கள். பெற்றோர் ஒருவழியாக எழுதும் மின்னஞ்சலை அச்சிட்டுத் தருவார்கள். முகாமின் தளத்தில் நாள்தோறும் படங்கள் வரும். படத்தில் மகள் சிரிக்கவில்லை என்று பதறி அழைக்கும் தாய்மார்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வெயில் கண்ணில் படும்போது யாரும் சிரிப்பதில்லை என்பதே என் பதில். உடல்நிலை பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் நாங்களே அழைப்போம்.

உடல்நலத்துக்கு என்னென்ன ஏற்பாடு? தடுப்பூசி கட்டாயமா?

பெரும்பாலான முகாம்களில் கட்டாயம். 2018, 2019 ஆண்டுகளில் நியூயார்க்கின் சில ஆர்த்தடாக்ஸ் குடியிருப்புகளில் தட்டம்மை பரவியது. 2019 ஜூனில் அம்மாநிலம் பள்ளிகளில் சமயக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தவிர்க்கும் சலுகையை நீக்கியது. அந்த ஆண்டுக்குப் பின் முகாம்களில் இது பற்றிய கண்டிப்பு கூடியிருக்கிறது. யூதச் சட்டம் தடுப்பூசியைத் தடுக்கவில்லை.

முதல் நாள் எங்கள் வேலை பேன் பார்ப்பது. பென்சில்வேனியா உண்ணிகளால் லைம் நோய் மிகுந்த மாநிலம் என்பதால், காட்டுநடைக்குப் பின் காது மடல், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஆகியவற்றைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். எல்லா மருந்துகளும், சத்து மாத்திரை உட்பட, மருத்துவ அறையில்தான் இருக்கும். மூச்சிழுப்பானும் ஒவ்வாமை ஊசியும் மட்டும் பிள்ளையுடனோ வழிகாட்டியிடமோ இருக்கும். ஓமத் தண்ணீரையும் சூரணத்தையும் ரகசியமாகப் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். படிவத்தில் எழுதிக் கொடுங்கள்.

நடுவில் ஒரு விரத நாள் வருகிறதாமே, குழந்தைகளும் பட்டினி கிடப்பார்களா?

யூத நாட்காட்டியில் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள், ‘திஷா பெ ஆவ்’, எப்போதும் கோடையிலேயே வருகிறது. 2025இல் ஆகஸ்ட் 2 மாலையில் தொடங்கியது. எருசலேம் ஆலயம் முதலில் பாபிலோனியராலும், பின்னர் கி.பி. 70இல் ரோமராலும் அழிக்கப்பட்டதற்குத் துக்கம் காக்கும் நாள் அது. அன்றிரவு விளக்குகளைக் குறைத்து, தரையில் உட்கார்ந்து, தமிழ் விவிலியத்தில் ‘புலம்பல்’ என்று வரும் நூலை மெல்லிய ராகத்தில் வாசிப்பார்கள். ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களை அழித்ததன் நினைவும் பல முகாம்களில் அன்று பேசப்படுகிறது. சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனியாக, வயதுக்குத் தக்கபடி பேசுவார்கள். முகாம்கள் இல்லாதிருந்தால், பள்ளி விடுமுறையில் வரும் இந்த நாளைப் பல அமெரிக்க யூதப் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்திருப்பார்கள்.

விரதக் கடமை பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலும் ஆணுக்குப் பதின்மூன்றிலும் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு எளிய உணவு உண்டு; நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அன்று வெயிலில் விளையாட்டு கிடையாது. அதற்கு முந்தைய நாட்களிலேயே ஆர்த்தடாக்ஸ் முகாம்களில் இறைச்சியையும் பொழுதுபோக்கு நீச்சலையும் நிறுத்திவிடுவார்கள். நீச்சல் பயிற்சி வகுப்பை மட்டும் சில இடங்களில் அனுமதிப்பார்கள்.

எபிரேயம் தெரியாத பிள்ளை திண்டாடாதா?

திண்டாடாது. மேலே சொன்ன மஸ்ஸாத் 1981இல் மூடப்பட்டது. முழுவதும் எபிரேயத்தில் நடக்கும் முகாம்கள் இன்று மிகக் குறைவு. ஆங்கில வாக்கியத்துக்குள் எபிரேயப் பெயர்ச்சொற்களைச் செருகிப் பேசும் ஒரு வழக்குதான் அங்கே நிலவுகிறது. சாப்பாட்டுக் கூடம் ‘ஹதர் ஓஹெல்’, ஏரி ‘அகாம்’, என் அறை ‘மிர்பாஆ’. அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு நடுவே ‘தாத்தா’, ‘சாதம்’, ‘கொலு’ என்று சொல்வதைப் போன்றது இது. மூன்று நாட்களில் பழகிவிடும்.

நாங்கள் யூதர் இல்லை. எங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? மதம் மாற்றிவிடுவார்களா?

பெரும்பாலான முகாம்கள் யூதப் பிள்ளைகளுக்காகவே நடத்தப்படுபவை. சில முகாம்கள் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக உள்ள குடும்பங்களின் நிலை வேறு. மரபுச் சட்டப்படி தாய் யூதரானால்தான் பிள்ளை யூதர். சீர்திருத்தப் பிரிவோ, தந்தை மட்டும் யூதராக இருந்தாலும் யூதராக வளர்க்கப்படும் பிள்ளையை 1983 முதல் ஏற்றுக்கொள்கிறது. தமிழ்த் தாய்க்கும் யூதத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளை நானே முகாமில் பார்த்திருக்கிறேன்.

மதமாற்றம் பற்றிய அச்சத்துக்கு இடமில்லை. யூத சமயம் ஆள் சேர்ப்பதில்லை. தானாக விரும்பி வருபவரைக்கூட நீண்ட காலம் படிக்கவைத்து, சோதித்தே ஏற்கிறது. ஏழு ஆண்டுகளில் என் நெற்றிப் பொட்டைப் பற்றிப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்டதுண்டு. என்னை மாறச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

இஸ்ரேல் அரசியலைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதாகச் சொல்கிறார்களே?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான முகாம்களில் இஸ்ரேல் மீதான பற்று வளர்க்கப்படுகிறது. கோடைதோறும் இஸ்ரேலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள், இஸ்ரேலையும் பிற நாட்டு யூதர்களையும் இணைக்கும் ஜூயிஷ் ஏஜென்சி என்ற அமைப்பின் வழியாக, வட அமெரிக்க முகாம்களுக்கு வழிகாட்டிகளாக வருகிறார்கள்; பலர் அண்மையில் இராணுவச் சேவை முடித்தவர்கள். அங்கே கொடி உண்டு, பாட்டு உண்டு. பாலஸ்தீனியர்களைப் பற்றி எவ்வளவு பேசப்படுகிறது என்பது முகாமுக்கு முகாம் மிகவும் மாறுகிறது. நான் பார்த்தவரையில் சிறியவர்களிடம் அது போதுமான அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் பின், இந்தப் பேச்சு முன்னைவிட வேதனை நிறைந்ததாகிவிட்டது. வழிகாட்டிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இரவு நெடுநேரம் அவர்கள் வாதிட்டு, சிலர் அழுததையும் கண்டிருக்கிறேன். உங்களுக்கு இது முக்கியமானால், சேர்க்கும் முன் முகாம் இயக்குநரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்.

துப்பாக்கிச் சூடு பற்றியெல்லாம் கேள்விப்படுகிறோம். பாதுகாப்பு எப்படி?

2018 அக்டோபர் 27 அன்று இதே பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ யூத ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வாயிற்காவல், அடையாளச் சோதனை, காவல்துறையுடன் ஒத்திகை எல்லாம் எங்கள் முகாமில் அதிகரித்தன. பிள்ளைகள் வாழும் இடத்துக்குக் காவலர் தேவைப்படுவது மனத்தை உறுத்துகிறது.

இன்னொரு வகைப் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பதே இல்லை. அவசியம் கேட்க வேண்டும். பணியாளர்களின் பின்னணி சோதிக்கப்படுகிறதா, பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் தனியாக, பிறர் கண்ணுக்கு மறைவாக இருப்பதைத் தடுக்கும் விதி உண்டா, புகார் வந்தால் யாரிடம் போகும், அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் கல்லூரி வயதினர். நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். விடை சொல்லத் தடுமாறும் முகாமுக்கு அனுப்பாதீர்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, நோயுள்ள பிள்ளை போக வழி உண்டா?

உண்டு. ராமா முகாம்களின் ‘திக்வா’ திட்டம் 1970இலேயே தொடங்கியது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளை முகாமுக்குள் சேர்ப்பதைப் பலரும் எண்ணிப் பார்க்காத காலம் அது. ‘திக்வா’ என்றால் நம்பிக்கை. புற்றுநோய் உள்ள பிள்ளைகளுக்காக நியூயார்க் மாநிலத்தின் க்ளென் ஸ்பேயில் ஹாய் லைஃப்லைன் அமைப்பு நடத்தும் சிம்ஹா முகாம் கட்டணம் வாங்குவதில்லை. செவிலியர்களிடையே பெரும் மதிப்புப் பெற்ற இடம் அது.

இவ்வளவு செலவு செய்து அனுப்புவதில் உண்மையில் பயன் உண்டா?

முகாமுக்குப் போனவர்கள், பெரியவர்களான பின் ஆலயத்துக்குப் போவதிலும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதிலும், சமூகத்துக்கு நன்கொடை தருவதிலும் மற்றவர்களைவிட முன்னிற்பதாக, ஃபவுண்டேஷன் ஃபார் ஜூயிஷ் கேம்ப் 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடு ஏற்கெனவே அக்கறையுள்ள வீடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எது வீட்டின் விளைவு, எது முகாமின் விளைவு என்று பிரிப்பது கடினம்.

ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு நான் கண்டதைச் சொல்கிறேன். பள்ளியில் தான் யூதப் பிள்ளை என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு பையன், மூன்றாவது வாரத்தில் முந்நூறு பேர் நடுவே நின்று உணவுக்குப் பிந்தைய நன்றிப் பாட்டைத் தொடங்கிவைத்தான். அவன் வீட்டில் யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது என்று பிறகு அறிந்தேன்.

முகாமிலிருந்து வந்த என் மகளின் தோழி ஒரு வாரமாக அழுகிறாளாம். அங்கே ஏதாவது தவறு நடந்ததா?

பெரும்பாலும் இல்லை. மேலே ஏக்கம் பற்றி எழுதியது இப்போது திசைமாறி நிற்கிறது, அவ்வளவே. கடைசி இரவில் பெரிய பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள். பேருந்துகள் கிளம்பும் காலையில் வழிகாட்டிகளும் அழுவார்கள். பத்துப் பேரோடு உண்டு உறங்கிய பிள்ளைக்குத் தன் அறை திடீரென்று மிகப் பெரியதாகத் தெரியும். ஆயினும் அழுகையோடு பயமும் தெரிந்தால், யாராவது ஒருவரின் பெயரைக் கேட்டதும் முகம் மாறினால், ‘பொதுவான ஏக்கம்’ என்று விட்டுவிடாமல் அவள் பெற்றோர் அமைதியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்; தேவையானால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

உங்கள் மகள் செய்யக்கூடியது எளிது. தோழியை வீட்டுக்கு அழைத்து, அங்கே பாடிய பாட்டுகளைச் சொல்லித்தரச் சொல்லட்டும். புரியாத சொற்கள் வரும். இடையில் நிறுத்திப் பொருள் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால் சூரியன் மறைவதற்கு முன்பே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில் விளக்கேற்ற விரும்பக்கூடும்.